வயலில எரிச்ச கரி எங்க போகுது? கறுப்புக் காபன் பற்றிக் கொஞ்சம் கதைப்பம்

குளக்கட்டு, கிளிநொச்சி

வணக்கம் உறவுகளே. காலபோக அரிவுவெட்டு முடிஞ்சு எங்கட பக்கம் பின்னேரமானா எந்தப் பக்கம் திரும்பினாலும் புகைதான். வெட்டு மெசின் போன பிறகு வைக்கல் வரிசை வரிசையாக் கிடக்குது, கட்டி ஏத்த ஆள் இல்லை, மாட்டுக்காரரும் எல்லா வயலுக்கும் வரமாட்டினம், அதால நெருப்பை வச்சு விட்டிட்டுப் போகினம். அது புதுக் கதை இல்லை. ஆனா இந்தமுறை கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில படிச்ச தம்பி ஒராள் எழும்பி, எரிக்கிறது பூமிக்கு நல்லம், எரிச்சா வாற கரி ஆயிரக்கணக்கான வருசம் மண்ணில அப்பிடியே கிடக்கும், காத்தில போகவேண்டிய காபன் மண்ணுக்குள்ள பூட்டுப்படுது, வெளிநாட்டில இதுக்குக் காசும் குடுக்கினம் எண்டு கதைச்சவர். கேட்டவையில பாதிப்பேர் தலையை ஆட்டினவை. எனக்கு அது மனசைப் போட்டு அரிச்சுக்கொண்டே கிடக்குது, ஏனெண்டா அவர் சொன்னதில கொஞ்சம் உண்மை இருக்கு, அந்தக் கொஞ்ச உண்மையை நம்பித்தான் முழு வயலையும் கொளுத்தப்போகினம்.

நான் வாசிச்சு அறிஞ்ச அளவில, எரிஞ்சு முடியாத மிச்சம் எல்லாத்தையும் சேர்த்துத்தான் கறுப்புக் காபன் எண்டு சொல்லுறது. கையில எடுக்கக்கூடிய கரித்துண்டும் அதுதான், புகையோட மேல போற கண்ணுக்குப் பிடிபடாத கரித்தூளும் அதுதான். ரெண்டும் ஒரே நெருப்பில பிறந்தாலும் போற வழி வேற, செய்யிற வேலையும் வேற. மண்ணில விழுந்த கரி காபனைப் பிடிச்சு வைக்குது, புகையில போனது வெய்யிலை உறிஞ்சி வளியைச் சூடாக்குது. கூட்டத்தில அந்தத் தம்பி முதலாவதை மட்டும்தான் கணக்கில எடுத்தவர்.

மண்ணில விழுற கரி உண்மையில எவ்வளவு காலம் கிடக்கும், பிறகு எங்க போகும், உலகக் காபன் சுற்றில அதுக்கு என்ன பங்கு? தெரிஞ்ச ஆக்கள் எங்கட வயல், காடு, குளத்தை வச்சே எழுதுங்கோ. அடுத்த கூட்டத்தில நான் இதைச் சொல்லவேணும்.

பாலைநிழல், வவுனியா

தம்பி, நல்ல கேள்வி. உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிச்ச ஆள் நான், இப்ப ஓய்வு. அடியில இருந்தே தொடங்குறன்.

விறகோ வைக்கலோ நல்லாக் காத்துப் பட்டு எரிஞ்சா அதில இருந்த காபன் எல்லாம் காபனீரொட்சைட்டாப் போயிடும், மிஞ்சிறது சாம்பல். ஆனா கட்டையின்ர உள்ளுக்கும் குவியலின்ர நடுவிலயும் சூடு ஏறும், ஒட்சிசன் போய்ச் சேராது. அங்க ஐதரசனும் ஒட்சிசனும் நீராவியாவும் வேற வாயுவாவும் கழண்டு போக, மிஞ்சிற காபன் அணுக்கள் ஆறு ஆறா வளையம் கட்டி ஒண்டோட ஒண்டு ஒட்டித் தகடு தகடா நிக்கும். பச்சை இலையை ஒரு மாரிக்குள்ள திண்டு முடிக்கிற பக்ரீரியாவுக்கும் பூஞ்சணத்துக்கும் அந்த வளையத்தை உடைக்கிறது பெரும்பாடு. கரி லேசில உக்காததுக்குக் காரணம் அதுதான். எவ்வளவு சூட்டில வெந்தது எண்டதிலயும் விசயம் இருக்கு. குறைஞ்ச சூட்டில அரைகுறையாக் கருகினது கெதியில உக்கும், கூடின சூட்டில காத்தில்லாமல் வெந்தது கனகாலம் நிக்கும்.

இனி உலகக் கணக்கு. காட்டுத்தீ, புல்வெளித்தீ, பயிர் எரிப்பு எல்லாம் சேர்ந்து வருசத்துக்கு ஏறக்குறைய 2 பில்லியன் தொன் காபனை வானத்துக்கு அனுப்புது. 2019 இல வந்த ஒரு கணக்கின்படி அதே நெருப்புகள் நிலத்தில விட்டிட்டுப் போற கரிக்காபன் வருசத்துக்கு 256 மில்லியன் தொன் மாதிரி, அதாவது வானத்துக்குப் போறதில 12 சதவீதம் அளவு. காடு திரும்ப முளைச்சா வானத்துக்குப் போனதைத் திருப்பி இழுத்துக்கொள்ளும், கரி மேலதிகமா மண்ணில தங்கும். அந்த அளவில நெருப்பு ஒரு சின்னச் சேமிப்பையும் செய்யுது எண்டது உண்மைதான். ஆனா முளைச்சாத்தான் அந்தக் கணக்கு. வெட்டி எரிச்ச காட்டில தேக்கம் கண்டும் நடாமல் கட்டடம் எழும்பினா, போனது போனதுதான்.

வைக்கல் சங்கதி இன்னும் வேற. அது மெல்லிசு, நல்லாக் காஞ்சது, திறந்த வெளியில பரவிக் கிடக்கிறது, நாலு பக்கத்தாலயும் காத்து. அதால பெரும்பாலும் மிச்சம் இல்லாமல் எரியும். நெருப்பு அடங்கின பிறகு அந்த வயலுக்குள்ள இறங்கிப் பாருங்கோ, மேல சாம்பல் நிறத்தில ஒரு படை, இடைக்கிடை கறுப்புச் சிலும்பு, காலால தட்டினாப் பறக்கும். காட்டுக் கட்டை எரிஞ்சு மிஞ்சிற கரியை மனசில வச்சுக்கொண்டு வைக்கலைக் கணக்குப் பார்க்கக்கூடாது.

முறிகண்டியான்

மாஸ்ரர், ஒரு சந்தேகம். எங்கட தாத்தா பாட்டன் காலத்தில இருந்து சேனை வெட்டி எரிச்சுக்கொண்டுதானே வந்தவை, அதுக்கும் முதல் காடு தன்பாட்டில எரிஞ்சிருக்கும். கரி ஆயிரக்கணக்கான வருசம் கிடக்குமெண்டா வன்னி மண் முழுக்க இப்ப கறுப்பா எல்லோ இருக்கோணும்? எங்கட காணியில வெட்டினா செம்மண்தான் வருது.

பாலைநிழல், வவுனியா

உங்கட சந்தேகத்துக்கு நாலாம் வகுப்புக் கணக்கே போதும். வருசம் 250 மில்லியன் தொன் எண்டு வச்சு, பத்தாயிரம் வருசத்துக்குப் பெருக்குங்கோ. 2500 பில்லியன் தொன் வருது. உலகத்தில எல்லா நிலத்திலயும் மேல் ஒரு மீற்றர் மண்ணில இருக்கிற சேதனக் காபன் (செடி, உயிரினங்களில இருந்து வந்த காபன்) முழுக்கச் சேர்த்தே 1500 பில்லியன் தொன் அளவுதான். அதில கரியின்ர பங்கு சராசரி 14 சதவீதம் எண்டு 2016 இல நூற்றுக்கணக்கான மண் மாதிரியின்ர தரவைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னவை, அப்ப 200 பில்லியன் சொச்சம். பழைய காலத்தில நெருப்பு இப்பத்தையிலும் குறைவா இருந்திருக்கும் எண்டு பாதியாக் குறைச்சுப் பார்த்தாலும் பிறந்த கரியில பெரும்பங்கு மண்ணில இல்லை. ஒண்டில் உக்கிப்போச்சு, இல்லாட்டி மண்ணை விட்டு வெளிக்கிட்டிட்டுது.

ரெண்டும் நடக்குது. ஆய்வுகூடத்தில அடையாளம் போட்ட காபனை வச்சு அளந்து, உக்கிற வேகத்தைப் பார்த்தா சராசரி ரெண்டாயிரம் வருசம் நிக்கும் எண்டு கணிச்சவையும் இருக்கினம். சிம்பாப்வேயில மட்டோபோஸ் எண்ட இடத்தில, தீ வராமல் அரை நூற்றாண்டா மறிச்சு வச்சிருந்த மணல் கலந்த நிலத்தில பார்த்த நேரம் கரியின்ர அளவு பாதியாகிறதுக்கு நூறு வருசத்தையிலும் குறைவு எண்டு வந்தது. வெக்கையும் மணலும் உள்ள இடம், எங்கட நிலத்துக்குக் கிட்ட. களிமண்ணும் இரும்பொட்சைட்டும் உள்ள மண்ணில கரி களியோட ஒட்டிக்கொண்டு கூடக்காலம் நிக்கும். அதால "ஆயிரம் வருசம்" எண்ட ஒரு இலக்கத்தை எல்லா மண்ணுக்கும் ஒட்டுறது பிழை.

மன்னார்க்காத்து

அப்ப எங்கட முருங்கன் பக்கத்து மண் ஏன் இப்பிடிக் கறுத்துக் கிடக்கு? மாரியில கால் வச்சா விடாது, கோடையில கை போற அளவுக்கு வெடிக்கும். அது பழைய கரியோ?

பாலைநிழல், வவுனியா

கறுப்பெண்டாப் போல கரி எண்டு எடுக்கேலாது. முருங்கன் மண் பொருமிற களிமண், கொஞ்ச உக்கலும் அந்தக் களியோட இறுகிப் பிணைஞ்சு நல்ல கறுப்பாத் தெரியும். அதே நேரம் செம்மண்ணில கரி இருந்தாலும் இரும்பின்ர சிவப்பு அதை மூடிப்போடும். கண்ணால பார்த்துச் சொல்லுற விசயம் இல்லை இது. ஆய்வுகூடத்தில மண்ணை நைத்திரிக் அமிலத்தில வேகவச்சு, அந்த வளையத் தகடுகளைச் சின்னச் சின்ன பென்சீன் அமிலமா உடைச்சு, அதை அளந்துதான் கரி எவ்வளவு எண்டு பின்கணக்குப் பார்க்கிறவை. கரிக்கே பேர் எடுத்த கறுப்பு மண்ணெண்டா அமேசன் காட்டுக்குள்ள இருக்கிற தெரா பிரேத்தா. கொலம்பஸ் போறதுக்கு முதலே அங்க இருந்த சனம் கரி, எலும்பு, மீன்முள், சட்டி ஓடு எல்லாத்தையும் ஊரைச் சுத்திப் போட்டுப் போட்டு உண்டாக்கினது, இண்டைக்கும் அதில பயிர் செழிப்பா வருது.

வரம்போரம், நெடுங்கேணி

மாஸ்ரர் எழுதினதை வாசிச்ச பிறகுதான் நானும் எழுதோணும் எண்டு நினைச்சன். 2021 இல ரசாயன உரத்தை ஒரேயடியா நிப்பாட்டின நேரம் எங்கட வீட்டில என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டு, அப்பதான் உமிக்கரி சுடப் பழகினது. இண்டைக்கும் விடேல்ல. எரிக்கிறதுக்கும் கரி சுடுறதுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணால பார்த்தவைக்குத்தான் விளங்கும்.

பழைய தகர ரின்னில சுத்திவர ஓட்டை போட்டு, மேல புகை போக ஒரு குழாய் வச்சு, ரின்னுக்குள்ள சுள்ளி விறகை மூட்டி, வெளியால உமியைக் குவிக்கிறது. நெருப்பு உள்ளுக்குத்தான், உமி வெளியில நிண்டு வேகும். முதல் வெள்ளைப் புகை வரும், பிறகு குவியலின்ர மேல அங்கங்க கறுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும், அப்பவே தடியால கிண்டி வெள்ளை உமியை உள்ளுக்கும் கறுத்ததை வெளிக்கும் மாத்தோணும். முழுக்கக் கறுத்த உடன தண்ணியைத் தெளிச்சு அணைக்கிறது, அணைச்ச பிறகும் நடுவுக்குள்ள கணகண எண்டு இருக்கும், பரவி விட்டுத் திரும்பத் தெளிக்கோணும். ஒருக்கா அணைக்காமல் விட்டு நித்திரைக்குப் போனா விடிய வந்து பார்க்க முழுக்கச் சாம்பல், கையில எடுத்தா நரநர எண்டு மணல் மாதிரி, உமியில இருக்கிற சிலிக்கா மட்டும்தான் மிச்சம். நேரத்துக்கு அணைச்ச கரி அப்பிடி இல்லை, ஒவ்வொரு உமியும் தன்ர தோணி உருவத்தோடயே கறுப்பா இருக்கும், விரலுக்குள்ள நசிச்சா மெல்லிசா நொறுங்கும்.

குளக்கட்டு அண்ணை, நீங்கள் கூட்டத்தில சொல்லவேண்டியது இதுதான் எண்டு நான் நினைக்கிறன். காத்தை மறிச்சுச் சுட்டாத்தான் கரி வரும். வயலில தீ வைக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. வெளிநாட்டில காசு குடுக்கிறதும் இப்பிடிச் சுட்டு நிறுத்து மண்ணில போட்ட கரிக்குத்தான், அடிக்கட்டை கொளுத்துறதுக்கு இல்லை.

களப்புக்கரை, புதுக்குடியிருப்பு

ஊர் புதுக்குடியிருப்பு, இப்ப வெளிநாட்டில கடல் இரசாயனம் படிக்கிறன். மாஸ்ரர் "மண்ணை விட்டு வெளிக்கிட்டிட்டுது" எண்டு விட்ட இடத்தில இருந்து நான் எழுதுறன், ஏனெண்டா எங்கட துறையில இப்ப பெரிய கதையே அதுதான்.

கனகாலமா எல்லாரும் நினைச்சது கரி தண்ணியில கரையாது எண்டு. கரித்துண்டைத் தண்ணியில போட்டா மிதக்கும், ஊறினாத் தாழும், அவ்வளவுதானே. ஆனா மண்ணுக்குள்ள வருசக்கணக்காக் கிடக்கக் கிடக்க அந்த வளையத் தகட்டின்ர ஓரங்களில ஒட்சிசன் ஒட்டி, ஓரம் அமிலத் தன்மைக்கு வந்து, சின்னச் சின்னத் துணுக்காக் கழண்டு தண்ணியோட கரைஞ்சு போகுது. வடிதாளால வடிச்சாலும் நிக்காது, தண்ணியும் கறுப்பாத் தெரியாது. 2013 இல அமேசன் உட்பட உலகம் முழுக்க 27 ஆறுகளின்ர தண்ணியை எடுத்துப் பார்த்த நேரம், ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோற கரைஞ்ச சேதனக் காபனில பத்தில ஒரு பங்கு இந்தக் கரிக்காபன் எண்டு கண்டவை. வருசத்துக்கு 26.5 மில்லியன் தொன் எண்டது அப்பத்தைக் கணக்கு. 2020 இல கூட இடங்களின்ர தரவோட திருப்பிப் பார்த்து 18 மில்லியன் தொன் அளவு எண்டு குறைச்சவை. கரையாமல் தூளாப் போற கரி தனி, அது 17 இல இருந்து 37 மில்லியன் தொன்னுக்குள்ள எண்டு 2018 இல ஒரு மதிப்பீடு வந்தது.

இதில என்னைப் பிடிச்சு உலுப்பினது பிரேசிலில இருக்கிற பராயிபா தோ சுல் எண்ட ஆத்தின்ர கதை. அந்த ஆத்தைச் சுத்தி ஒருகாலத்தில அத்திலாந்திக் கரைக் காடு. எங்கட சேனை மாதிரித்தான் வெட்டி வெட்டி எரிச்சு, காடே முடிஞ்சு, 1973 ஓட அந்த எரிப்பும் நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு பத்துப் பத்து வருசமாக் கழிஞ்சும், ஒவ்வொரு மழைக்காலத்திலயும் அந்த ஆறு பழைய காட்டின்ர கரியைக் கரைச்சுக் கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கு. காடு இல்லை, நெருப்பு இல்லை, கரி மட்டும் இன்னும் பயணத்தில. ஆத்தில வாற கரியின்ர அளவு இந்த வருசம் எங்க தீ எரிஞ்சது எண்டதில தங்கேல்ல, மண்ணில எவ்வளவு தண்ணி ஊறி வெளிக்கிடுது எண்டதிலதான் தங்கி நிக்குது.

அப்ப எங்கட பக்கத்தை யோசிச்சுப் பாருங்கோ. கனகராயன் ஆறு காட்டையும் பழைய சேனை நிலத்தையும் கழுவிக்கொண்டு இரணைமடுவுக்கு வருது, குளம் நிரம்பி வான் பாய்ஞ்சா மிச்சம் சுண்டிக்குளம் களப்புக்கு, அங்கால கடலுக்கு. 2018 மார்கழி வெள்ளத்தில இரணைமடுக் கதவு திறந்து விட்ட நேரம் எவ்வளவு போயிருக்கும் எண்டு யோசிக்கிறன். பேராத்துத் தண்ணி நந்திக்கடலுக்கு, பாலியாறு வவுனிக்குளத்தைத் தாண்டி மேற்குக் கடலுக்கு. எங்கட பக்கத்தில ஆறு பெரும்பாலும் நேரா கடலுக்குப் போறேல்ல, குளம் குளமா இறங்கித்தான் போகுது. தூளாப் போற கரி பாரம் குறைஞ்சது, சரிவில மண்ணையிலும் முந்தி அதுதான் அள்ளுப்படும், லாவோசில சேனைச் சரிவுகளில அளந்து அதைக் கண்டிருக்கினம். அப்பிடி அள்ளுப்பட்டது குளத்துக்குள்ள வந்து தண்ணி நிக்கிற இடத்தில அடியில படியும். குளத்து வண்டலுக்குள்ள பழைய நெருப்பெல்லாம் படை படையாக் கிடக்கும் எண்டுதான் நான் நம்புறன், எங்கட குளங்களில ஆரும் வடிவா அளந்தா எனக்கு அதைப்போல சந்தோசம் இல்லை.

குளக்கட்டு, கிளிநொச்சி

தங்கச்சி, நன்றி. கடலுக்குப் போன பிறகு என்ன நடக்குது?

களப்புக்கரை, புதுக்குடியிருப்பு

அங்கதான் அண்ணை முடிச்சு. மேல்தண்ணியில வெய்யில் பட்டா கரைஞ்ச கரி உடையும், ஒளியை உறிஞ்சிற அதே வளையம்தான் ஒளியால உடையிறதும். அப்பிடி உடைஞ்சது காபனீரொட்சைட்டாத் திரும்பி வளிக்கு வரலாம். வெய்யில் படாத ஆழத்துக்குப் போனது கனகாலம் கிடக்கும், 2010 இல நடுக்கடல் தண்ணியில இருந்த கரிக்காபனை றேடியோகாபனால (தன்பாட்டில குறைஞ்சுகொண்டு போற காபன் 14 எவ்வளவு மிச்சம் எண்டு பார்த்து வயசு கணிக்கிற முறை) பார்த்த நேரம் 18,000 வருசம் எண்டு வந்தது. 1998 இல ஆழ்கடல் அடிச் சேத்தில பார்த்தவை, ஒரே படையில சேர்ந்து விழுந்த மற்றக் காபனையிலும் கரி 2,400 இல இருந்து 13,900 வருசம் வரைக்கும் வயசு கூட எண்டு கண்டவை. சேர்ந்து விழுந்தும் வயசு வேற எண்டா, விழ முதல் அது எங்கயோ தங்கி இருந்திருக்கு. மண்ணிலயோ, கடல்தண்ணியிலயோ.

2019 இல இன்னொரு சிக்கல் வந்தது. ஆத்துக் கரியின்ர காபன் 13 (காபனின்ர கொஞ்சம் பாரம் கூடின வகை) அளவையும் கடலில கரைஞ்ச கரியின்ர காபன் 13 அளவையும் ஒப்பிட்டா ரெண்டும் பொருந்தேல்ல. கடலில இருக்கிறதுக்குக் கடற்பாசியில இருந்து வாற காபன் மாதிரிக் கைநாட்டு. அப்ப ஆறு கொண்டுவாறது கடலில எங்க மறையுது, கடலில இருக்கிறது எங்க இருந்து வந்தது எண்டது இண்டைக்கும் திறந்த கேள்வி. நான் இந்தத் துறைக்கு வந்ததே இந்தக் கேள்வியாலதான்.

ஒட்டுசுட்டான் வளவு

எனக்கும் ஒரு கேள்வி. மலசலகூடக் குழி வெட்டேக்க முழங்கால் அளவு ஆழத்தில கறுப்பு வரி ஒண்டு, விரல் மொத்தத்தில, குழியின்ர மூண்டு பக்கத்திலயும் ஓடுது. துண்டு ஒண்டை எடுத்து முறிச்சுப் பார்த்தா மரத்தின்ர நரம்போட்டம் அப்பிடியே தெரியுது, சின்னச் சின்ன ஓட்டை கூட. 2010 இல மீளக்குடியேறி வந்த நேரம் எங்கட காணி காடு பத்திக் கிடந்தது, வெட்டி எரிச்சுத்தான் வளவைத் துப்பரவாக்கினது. அந்தக் கரிதானோ, இல்லைப் பழசோ? றேடியோகாபன் பார்த்தாத் தெரியுமோ?

பாலைநிழல், வவுனியா

பதினைஞ்சு வருசத்துக்குள்ள முழங்கால் ஆழத்துக்கு ஒழுங்கான வரியாப் போறதெண்டா மேல மண் வந்து மூடியிருக்கோணும், வெள்ளமோ புல்டோசரோ. கறையான், எறும்பு, வேர்க்குழி எல்லாம் கரியைக் கீழ கொண்டுபோகும்தான், ஆனா அப்பிடிப் போனா சிதறித்தான் கிடக்கும், வரியா நிக்காது. அதால பழசெண்டுதான் என்ர எண்ணம்.

றேடியோகாபன் பார்க்கலாம், ஆனா அது சொல்லுறது நெருப்பின்ர வயசை இல்லை, அந்த மரவளையம் வளர்ந்த காலத்தை. முந்நூறு வருசப் பாலை மரத்தின்ர நடு வைரத்தில இருந்து வந்த கரியெண்டா, நேற்று எரிஞ்சிருந்தாலும் முந்நூறு எண்டு காட்டும். அதால ஆய்வாளர் சுள்ளி, விதை மாதிரிக் குறைஞ்ச வயசுத் துண்டைத்தான் தேடி எடுக்கிறவை. இன்னொண்டு, 1950, 60களில அணுக்குண்டுச் சோதனையால வளியில காபன் 14 கிட்டத்தட்ட இரட்டிப்பாகிப் பிறகு இறங்கினது. அதுக்குப் பிறகு வளர்ந்த மரத்தில அந்தக் கூடுதல் பதிஞ்சிருக்கும். உங்கட வளவில இடம்பெயர்ந்த காலத்தில முளைச்ச பத்தையெண்டா அது கட்டாயம் காட்டிக்குடுக்கும். துண்டை வெறுங்கையால தொடாமல் சுத்தமான ஈயக்கடுதாசியில சுத்தி, எவ்வளவு ஆழம் எண்டு எழுதி வையுங்கோ. குழியின்ர பக்கத்தை மூட முதல் அளவுகோல் வச்சு ஒரு போட்டோவும் எடுங்கோ.

அடுப்படி, மாங்குளம்

எல்லாரும் மண்ணையும் கடலையும் கதைக்கிறியள், புகையை ஆரும் கதைக்கேல்ல. எங்கட அம்மா முப்பது வருசத்துக்கு மேல விறகடுப்பில நிண்டு இருமி இருமித்தான் காலத்தை முடிச்சவ. அந்தக் குசினியின்ர கூரைத் தடியில கையை வச்சா இண்டைக்கும் ஒட்டுற கறுப்பு வரும். உங்கட காபன் கணக்கில அது எங்க?

களப்புக்கரை, புதுக்குடியிருப்பு

அக்கா, கட்டாயம் கதைக்கவேண்டியது. உங்கட அம்மாவின்ர கூரைத்தடியில ஒட்டினதும் கறுப்புக் காபன்தான், அந்த மாதிரிக் கரித்தூள் உலகம் முழுக்க வருசத்துக்கு ஏழரை மில்லியன் தொன் அளவு வளிக்குப் போகுது எண்டு 2013 இல ஒரு பெரிய மதிப்பீடு வந்தது. நிலத்தில விழுற 256 மில்லியனோட பார்த்தா சின்னத் தொகை. ஆனா நிறையை வச்சு இதை மட்டிடக்கூடாது. வளியில ஒரு கிழமை மாதிரித்தான் நிக்கும், நிக்கிற அந்த நேரம் வெய்யிலை உறிஞ்சி வளியைச் சூடாக்கும், பனிமலையில விழுந்தாப் பனியைக் கறுப்பாக்கிக் கெதியில உருக்கும், முகில் உண்டாகிற விதத்தையும் மாத்தும். எவ்வளவு சூடாக்குது எண்டதில ஆய்வாளருக்குள்ள இன்னும் இழுபறி இருக்கு, நெஞ்சுக்குள்ள போய்ச் செய்யிற கேட்டில இழுபறி இல்லை.

எங்கட பகுதிக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 1999 இல மாலைதீவை மையமா வச்சு இந்துசமுத்திரத்தின்ர மேல பெரிய ஆய்வு நடந்தது, தெற்காசியாவின்ர புகைப்படலம் கடலை மூடி நிக்கிறதை அப்பதான் உலகம் வடிவாக் கண்டது. 2009 இல மாலைதீவிலயும் இந்தியாவின்ர மேற்குக் கரைப்பக்க மலையிலயும் பிடிச்ச கரித்தூளை றேடியோகாபனால பார்த்தவை. எண்ணெய், நிலக்கரியில காபன் 14 மிச்சமில்லை, விறகு, வைக்கல், சாணி எரிச்சா இருக்கும், அதை வச்சுப் பிரிக்கலாம். பாதிக்குக் கொஞ்சம் குறைவில இருந்து மூண்டில ரெண்டு பங்கு வரைக்கும் விறகும் பயிர்க்கழிவும் எண்டு வந்தது, எப்பிடிப் பிரிச்சு அளக்கிறது எண்டதைப் பொறுத்து. அப்ப எங்கட அடுப்பும் எங்கட வயலும் அதுக்குள்ள இருக்கு. 2022 மார்கழியில மண்டோஸ் புயல் நேரம் வடக்கில வானம் மங்கி, புகார் மூடி, காத்துத் தரம் கெட்டுப் பள்ளிக்கூடமும் மூடினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது வங்காள விரிகுடாவுக்கு மேலால வந்த வளி.

மண்ணுக்குள்ள கரி சேர்த்து வாற நன்மை வர நூற்றாண்டு வேணும். புகையால வாற கேடு அந்தக் கிழமையே வந்து சேரும். ரெண்டையும் ஒரே தராசில போட்டு ஒண்டுக்கு ஒண்டு கழிக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல, கழிக்கிறவை அந்தக் குசினிக்குள்ள நிக்கிறேல்ல.

அடுப்படி, மாங்குளம்

நன்றி தங்கச்சி. களிமண்ணில செய்த அனாகி அடுப்பு இப்ப வச்சிருக்கிறம், விறகு குறைவு, புகையும் முந்தினதைப்போல இல்லை. ஊரில கனபேர் இன்னும் மூண்டு கல்லுத்தான்.

முத்தையன்கட்டு கமக்காரன்

நான் வைக்கல் எரிக்கிறவன். பேசாமல் வாசிச்சுக்கொண்டு இருந்தனான், இனிச் சொல்லத்தான் வேணும். ஏழு ஏக்கர், குத்தகைக் காணியும் சேர்த்து. வெட்டு மெசினுக்குக் குடுத்து, நெல் விலையில அடிபட்டு, சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்கப்போறாங்கள் எண்டு திகதியும் சொல்லிப்போட்டாங்கள், அதுக்குள்ள நிலம் உழுதாகோணும். வைக்கலோட உழுதா ரொட்டவேற்றரில சுத்துது, பச்சையா மடிச்சு விட்டா விதைச்ச பயிர் மஞ்சளிக்குது. எரியாதை எரியாதை எண்டு சொல்லுறவை அந்த ரெண்டு கிழமைக்கு என்ன வழி எண்டும் சொல்லோணும்.

பாலைநிழல், வவுனியா

நியாயமான கதை. மஞ்சளிக்கிறதுக்குக் காரணம், வைக்கலில காபன் கூட, நைதரசன் குறைவு. உக்க வைக்கிற பக்ரீரியா தனக்கு வேணுமான நைதரசனை மண்ணில இருந்து முதல் எடுத்துப்போடும், பயிருக்கு மிச்சம் இல்லை. உழுது தண்ணி கட்டி ரெண்டு மூண்டு கிழமை ஊற விட்டு விதைச்சா அந்த இழுபறி அடங்கிடும், ஆனா நீங்கள் சொல்லுற மாதிரி தண்ணித் திகதிதான் விடுகுதில்லை. அதால தண்ணி திறக்கிற திகதியை வைக்கிற கூட்டத்திலயே இதையும் வச்சுக் கதைக்கோணும், தனிய ஒரு கமக்காரனைக் குற்றம் சொல்லி வேலையில்லை.

எரிச்சா என்ன போகுது எண்டும் பாருங்கோ. வைக்கலில இருக்கிற நைதரசன் முக்கால்வாசிக்கு மேல புகையில போயிடும், கந்தகமும் போகும். பொட்டாசியம் சாம்பலில நிக்கும், ஆனா முதல் மழையோட வாய்க்காலுக்கு ஓடிவிடும். பிறகு அதையே பசளைக் கடையில காசு குடுத்து வாங்குறியள்.

குளக்கட்டு, கிளிநொச்சி

முத்தையன்கட்டு அண்ணை, நீங்கள் எழுதினதுக்கு உண்மையா நன்றி. கூட்டத்தில இதை மூண்டு விசயமாப் பிரிக்காமல் ஒரே கதையாச் சொல்லப்போறன்: வயலில வைக்கல் எரிச்சாக் கரி பெரிசாச் சேராது, புகைதான் சேரும், கரி வேணுமெண்டா உமியைச் சுடுவம், ஆலைக்குப் பக்கத்தில உமி மலையாக் கிடக்கு, வைக்கல் கட்டுற மெசின் ஒண்டு அமைப்புக்கு எடுக்கேலுமோ எண்டு கேப்பம், பால்மாடு வச்சிருக்கிறவை வாங்குவினம். தண்ணித் திகதி விசயத்தையும் வைக்கிறன்.

வரம்போரம் தங்கச்சி, உமிக்கரியை எப்ப, எப்பிடிப் போடுறது? களப்புக்கரை எழுதினதைப் பார்த்தா போட்டது முழுக்கக் குளத்துக்குப் போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு.

வரம்போரம், நெடுங்கேணி

அண்ணை, மேலால தூவி விட்டா உங்கட பயம் சரிதான், முதல் மழைக்கே மிதந்து வரம்புக் கடவானால வெளிய போகும், நான் கண்ணால கண்டது, வாய்க்கால் தண்ணியின்ர மேல கறுப்பாப் படை கட்டிக்கொண்டு போனது. அதால கடைசி உழவுக்கு முதல் போட்டு மண்ணோட மடிச்சு விடோணும். காய்ஞ்ச கரியாப் போடாதேங்கோ, காத்தில பறக்கும், மூச்சுக்குள்ளயும் போகும். சாணித் தண்ணியிலயோ மாட்டுச் சலத்திலயோ ரெண்டு மூண்டு நாள் ஊறப்போட்டு ஈரத்தோட போட்டா பாரம் வரும், மண்ணிலயும் கெதியில பிடிக்கும், வெறும் கரி மாதிரிப் பயிரின்ர நைதரசனைத் தான் உறிஞ்சிக்கொண்டும் நிக்காது. புழுதி விதைப்புக்காரர் விதைக்க முதலே போட்டுக் கிளறி விடலாம். கடவானைப் போட்ட முதல் மழைக்கு அடைச்சு வையுங்கோ.